புர்ஜ் கலீஃபாவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: டிக்கெட், சூரிய அஸ்தமனம், 122-ஆம் மாடிச் சாப்பாடு

ஊரிலிருந்து அப்பா அம்மாவையோ தம்பி குடும்பத்தையோ விசிட் விசாவில் துபாய்க்கு வரவழைத்தால், அவர்கள் முதலில் கேட்பது புர்ஜ் கலீஃபாதான். "மேலே ஏறிப் பாக்கணும், முடிஞ்சா அங்கேயே ஏதாவது சாப்பிடணும்." இந்த இரண்டு ஆசைகளையும் ஒரே நாளில் எப்படி நிறைவேற்றுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: எந்த மாடி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கட்டடத்தின் உயரம் 828 மீட்டர், மாடிகள் 163. திறந்தது 2010 ஜனவரி 4. இதில் நம்மைப் போன்ற பார்வையாளர்கள் போகக்கூடிய இடங்கள் சிலதான்.

124, 125 ஆகிய இரண்டு மாடிகளும் 'அட் தி டாப்' என்ற பெயரில் சேர்ந்தே வரும். 124 தரையிலிருந்து சுமார் 450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெளிக்காற்று படும் திறந்த தளமும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

148-ஆம் மாடி 555 மீட்டரில் இருக்கிறது. 2014-இல் திறந்தார்கள். இங்கே சிறு குழுவாக, வழிகாட்டி ஒருவர் கூடவே வந்து அழைத்துப் போவார். அதற்கும் மேலே 152 முதல் 154 வரை ஒரு லவுஞ்ச் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு 122-ஆம் மாடி, 442 மீட்டர் உயரத்தில் 'அட்மாஸ்ஃபியர்' உணவகம். 2011-இல் திறந்தபோது உலகிலேயே மிக உயரத்தில் இருந்த உணவகம் என்று கின்னஸ் பட்டியலில் இடம்பிடித்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வெறும் 100 மீட்டர் உயர வித்தியாசத்துக்காக 148-க்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அவ்வளவு மேலே போன பிறகு கீழே இருக்கும் கார் இன்னும் கொஞ்சம் சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான். கூட்டத்தில் நிற்க முடியாத வயதானவர்கள் கூட வந்தால், அல்லது கட்டடம் எப்படி எழும்பியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆர்வம் இருந்தால், அப்போது 148 தாராளமாக எடுக்கலாம். உட்கார இடம், உபசரிப்பு, நிதானம் எல்லாம் அங்கே உண்டு.

படி 2: டிக்கெட்டில் இருக்கும் நேரம் எந்த நேரம்?

எல்லோரும் சிக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் கீழே நுழைவாயிலுக்குள் போகும் நேரம். மேலே போய் நிற்கும் நேரம் அல்ல. நுழைந்த பிறகு பாதுகாப்புச் சோதனை, கட்டடத்தின் கதையைச் சொல்லும் நீண்ட நடைபாதை, லிஃப்ட் வரிசை எல்லாம் தாண்ட வேண்டும். கூட்டமான நாளில் இதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். சூரிய அஸ்தமனம் 5:30-க்கு என்று பார்த்து 5:15 டிக்கெட் வாங்கினால், சூரியன் விழும்போது நீங்கள் லிஃப்ட் வரிசையில் நிற்பீர்கள்.

டிசம்பரில் துபாயில் சூரியன் மாலை 5:30 வாக்கில் மறையும். ஜூனில் 7:10-ஐத் தாண்டிவிடும். இந்த இடைவெளியை மறந்து, யாரோ போன வருடம் சொன்ன நேரத்தை அப்படியே வைத்து புக் செய்கிறார்கள். நீங்கள் போகும் தேதியின் அஸ்தமன நேரத்தைப் போனில் பாருங்கள். அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் பின்னால் வந்து டிக்கெட் எடுங்கள். குளிர்காலத்தில் 4 மணி, கோடையில் 5:30 சரியாக இருக்கும்.

அஸ்தமன வேளை டிக்கெட்டுக்கு விலை அதிகம். இதிலும் ஒரு வழி இருக்கிறது. அதிக விலை எந்த மணியில் தொடங்குகிறது என்று புக்கிங் பக்கத்திலேயே தெரியும். அதற்குச் சற்று முந்தைய நேரத்தை எடுத்துக்கொண்டு மேலே பொறுமையாக இருக்கலாம். மேலே போன பிறகு யாரும் "நேரமாகிவிட்டது, கிளம்புங்கள்" என்று விரட்டுவதில்லை. கூட வருபவர்களுக்குக் கால் தாங்குமா என்பது மட்டும்தான் கேள்வி.

டிக்கெட்டை அதிகாரப்பூர்வ தளத்தில் வாங்குவதையே நான் விரும்புகிறேன். டூர் கம்பெனிகள் கார், மதிய உணவு, இன்னும் நாலு இடங்கள் என்று சேர்த்துக் கொடுப்பார்கள். ஆனால் நேரத்தைத் தேர்வு செய்யும் உரிமை பெரும்பாலும் அவர்கள் கைக்குப் போய்விடும். இந்தப் பயணத்தில் நேரம்தான் எல்லாமே.

படி 3: போய்ச் சேருவது

மெட்ரோ ரெட் லைனில் 'புர்ஜ் கலீஃபா / துபாய் மால்' நிலையம். கராமா, பர்துபாய் பக்கம் தங்கியிருந்தால் புர்ஜுமானில் ஏறி நேராக வந்துவிடலாம். நிலையத்திலிருந்து மால் வரை குளிரூட்டப்பட்ட நடைபாலம், கிட்டத்தட்ட 800 மீட்டர். இடையிடையே நகரும் நடைபாதை இருந்தாலும் முட்டி வலி உள்ளவர்களுக்கு இது சிரமம்தான். அவர்களை டாக்சியில் அழைத்து வாருங்கள். மெட்ரோவுக்குள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம், சாப்பிட்டாலும் குடித்தாலும் 100 திர்ஹம் அபராதம்.

124-க்கான நுழைவாயில் துபாய் மாலின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெளியில் சுற்றினால் வாசல் கிடைக்காது. மாலுக்குள் போய்ப் பலகைகளைப் பின்தொடருங்கள். மால் மிகப் பெரியது, வழி தேடவே கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 4: மேலே

லிஃப்ட் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏறும். ஒரு நிமிடத்தில் மேலே இருப்பீர்கள். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுங்கள்.

மேலே போனதும் எல்லோரும் மேற்குக் கண்ணாடிக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் கிழக்குப் பக்கம் போங்கள். சூரியன் இறங்க இறங்க கோபுரத்தின் நிழல் கிழக்கே நகரத்தின் மேல் பல கிலோமீட்டர் நீண்டு விழும். சாலை, கட்டடங்கள், வெட்டவெளி எல்லாவற்றின் மீதும் ஒரே கருங்கோடாகப் படுத்திருக்கும். நிமிடத்துக்கு நிமிடம் அது நீள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே கூட்டமும் இருக்காது. அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் மேற்கே வந்தால் போதும். ஜூனில் சூரியன் கடல் பக்கம் இறங்கும். டிசம்பரில் தென்மேற்கே சாய்ந்து பாம் ஜுமைரா இருக்கும் திசைக்குப் பக்கத்தில் இறங்கும்.

இன்னொரு விஷயம், கீழே இருப்பவர்களுக்குச் சூரியன் மறைந்த பிறகும் மேலே இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் தெரியும். உயரம் கூடக் கூட அடிவானம் தள்ளிப்போகும். 450 மீட்டரில் அது சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இதனால்தான் ரமலான் மாதத்தில் 80-ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150-க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று துபாய் மார்க்க அறிஞர்கள் 2011-இல் சொன்னார்கள். என் பக்கத்து ஃபிளாட் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ சஹருக்கும் முன்னாடியே முடிக்கணும்ல?" என்றார். (சஹர் என்பது நோன்பு தொடங்கும் முன் விடியற்காலையில் சாப்பிடுவது.) ஆமாம், கிழக்கு வெளுப்பதும் மேலே இருப்பவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

புகைப்படத்துக்கு முக்காலி கொண்டுபோக வேண்டாம், அனுமதி கிடையாது. திறந்த தளத்தில் கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே ஒல்லியான இடைவெளி இருக்கும், போனின் லென்ஸை அங்கே வைத்து எடுங்கள். உள்ளே இருந்து எடுத்தால் போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துச் சுற்றிலும் ஒரு கறுப்புத் துணியால் மூடுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து கேமரா ஃபில்டர் வாங்குவதைவிட ஒரு கறுப்புத் துப்பட்டா நன்றாக வேலை செய்கிறது.

இருட்டிய பிறகு கீழே துபாய் நீரூற்று ஆடுவதை ஒரு முறையாவது மேலிருந்து பாருங்கள். 275 மீட்டர் நீளம். அது ஐந்து வட்டங்களும் வளைவுகளுமாக அமைந்திருப்பது இங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். பாட்டோடு ரசிக்கக் கீழேதான் போக வேண்டும்.

148 எடுத்தவர்களுக்கு மட்டும்

முதலில் பேரீச்சம்பழமும் அரபுக் காபியும் தருவார்கள். கைப்பிடி இல்லாத குட்டிக் கிண்ணத்தில், ஏலக்காய் மணத்தோடு, பால் சர்க்கரை இல்லாமல், வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும். பேரீச்சம்பழத்தை ஒரு கடி, காபியை ஒரு வாய் என்று மாற்றி மாற்றி எடுத்தால்தான் ருசி பிடிபடும். அரபு வழக்கப்படி காலிக் கிண்ணத்தை நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக இடவலமாக ஆட்டிக் கொடுத்துவிடுங்கள்.

வழிகாட்டி தமிழில் பேசுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அப்பா அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் கொஞ்சம் தயாராகப் போங்கள். மேலிருந்து பார்த்தால் கட்டடம் மூன்று சிறகுகளாக இருக்கும். நடுவில் அறுகோணத் தண்டு, மூன்று சிறகுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அமெரிக்கப் பொறியாளர் பில் பேக்கரின் யோசனை இது. கட்டடக் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித். உயரம் கூடக் கூடக் கட்டடத்தின் அகலம் படிப்படியாக மாறுவதால், காற்றுச் சுழல்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து அதை உலுக்க முடியாது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைச் சேகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லுங்கள், ரொம்பப் பிடிக்கும்.

வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 12,000 பேர் இங்கே உழைத்தார்கள். கணிசமானவர்கள் தெற்காசியாவிலிருந்து வந்தவர்கள். கோடையில் கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால், ஐஸ் கலந்து இரவில் ஊற்றினார்கள். மேலே நிற்கும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

படி 5: சாப்பாடு (இதற்கு வாசல் வேறு)

124-ஐப் பார்த்துவிட்டு அப்படியே இரண்டு மாடி இறங்கினால் உணவகம் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உணவகத்துக்கு வாசல் தனி, லிஃப்ட் தனி, புக்கிங்கும் தனி. பார்வைத் தளத்து டிக்கெட்டைக் காட்டி உணவகத்துக்குள் போக முடியாது, உணவக புக்கிங்கைக் காட்டித் தளத்துக்கும் போக முடியாது. முழுவதும் கீழே இறங்கி, வெளியே வந்து, வேறு வாசலில் நுழைந்து மறுபடி ஏற வேண்டும். எந்த வாசல் என்று புக்கிங் உறுதி மெயிலில் இருக்கும், அதை டாக்சி ஓட்டுநரிடம் காட்டுங்கள்.

தளத்திலிருந்து இறங்கவும் வரிசை உண்டு. அஸ்தமனம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் இறங்கும். ஆகவே அஸ்தமன நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டரை மணி நேரம் விடுங்கள். 5:30-க்கு அஸ்தமனம் என்றால் 8 மணிக்கு மேஜை.

ஆனால் நான் இரவுச் சாப்பாட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். இருட்டியதும் உள்ளே எரியும் விளக்குகள் கண்ணாடியில் பிரதிபலிக்கும். வெளியே எட்டிப் பார்த்தால் பாதி நகரம், பாதி நம் முகம். காலை உணவுக்கோ மாலைத் தேநீருக்கோ போங்கள். வெளிச்சம் இருக்கும், செலவும் பெரும்பாலும் குறைவாக வரும். அப்படிப் போனால் அன்றைக்கே பார்வைத் தளத்துக்கும் டிக்கெட் எடுக்க வேண்டிய அவசியம் பலருக்கு இருக்காது.

இங்கே ஆளுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சச் செலவு உண்டு. ஜன்னலோர மேஜைக்கு அது கூடும். புக் செய்யும்போது 'ஜன்னலோரம்' என்று உறுதியாக எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதாவிட்டால் உள்பக்க மேஜைதான் கிடைக்கும். சைவம் என்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் இருப்பதில் ஏதோ ஒன்றைத்தான் தருவார்கள். ஆண்கள் அரைக்கால் சட்டை, செருப்போடு போக வேண்டாம். ஷூ, முழுக்கால் சட்டை, காலர் வைத்த சட்டை போதும். புடவை, சல்வாருக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

லிஃப்ட் 123-இல் இறக்கிவிடும். அங்கிருந்து ஒரு படிக்கட்டில் இறங்கித்தான் 122-க்குப் போக வேண்டும். படி இறங்க முடியாதவர்கள் இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் கேட்டவை

*"தூசியாக இருந்தால் என்ன செய்வது?"* கோடையில் புழுதியும் ஈரப்பதமும் சேர்ந்து கடலே தெரியாத நாட்கள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கோடையில்தான் வர முடியும் என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்காமல் இரண்டு நாள் முன்னால் வானத்தைப் பார்த்து வாங்குங்கள். கோடையில் வார நாட்களில் இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை.

*"மூடுபனிக்கு மேலே கோபுரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும் படம் எப்போது எடுக்கலாம்?"* குளிர்கால அதிகாலைகளில் சில நாள் அப்படி அமையும். அதிகாலை டிக்கெட் விற்கிறார்களா என்று அந்த வாரம் பாருங்கள். பனி வருமா வராதா என்பது முதல் நாள் இரவுதான் ஓரளவு தெரியும்.

*"அம்மாவுக்கு உயரம் என்றால் பயம், என்ன செய்யலாம்?"* 125-ஆம் மாடி முழுக்க உள்ளரங்கம்தான். அங்கே கண்ணாடியிலிருந்து நாலடி தள்ளி நிற்க வையுங்கள். கீழே பார்க்காமல் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அவராகவே முன்னால் வருவார். வராவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம். நீரூற்றுப் பக்கம் ஒரு பெஞ்சில் யாராவது துணைக்கு உட்கார்ந்துகொண்டால், மற்றவர்கள் மேலே போய் வரலாம்.