செட்டிநாட்டு ஊர்களைக் காரில் சுற்ற: இரண்டு நாள் திட்டம்

காரைக்குடியில் தங்குங்கள். பயணத்தைக் கோயில் நடை சாத்தும் நேரத்தை வைத்தே போட வேண்டும். நண்பகலில் சாத்தினால் மாலை நாலு மணிவாக்கில்தான் திறப்பார்கள். பலருடைய திட்டம் கெடுவது இங்கேதான்.

முதல் நாள் விடிந்ததும் பிள்ளையார்பட்டி. பாறையைக் குடைந்து அமைத்த குடைவரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் இரணியூருக்கு வண்டியை விடுங்கள். அங்குள்ள கோயில் தூண் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். வெயில் ஏறியதும் குன்றக்குடி மலையேறாதீர்கள், மாலைக்கு வையுங்கள்.

மறுநாள் காலையில் முதலில் திருமயம் கோட்டை, பாறை சுடுவதற்குள். திரும்பும் வழியில், செட்டியார்களின் பெரிய வீடுகள் உள்ள கானாடுகாத்தான். இங்கே அவசரமாகப் பார்க்கக் கூடாது. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு (அதற்கு அடுத்த பகுதி), அடுப்படி என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தூண்கள் பர்மா தேக்கு. சுவரின் வழவழப்பு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சால் வந்தது. ஈரக்கையால் தொடாதீர்கள். பெரும்பாலான வீடுகள் பூட்டியே கிடக்கும், சாவி காவலாளியிடம் இருக்கும். அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காட்டும் கட்டு வரை மட்டும் போங்கள்.

கடைசியாக, கையால் செய்யும் தரைக்கற்களுக்குப் (டைல்ஸ்) பேர்போன ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துகிறார்கள். சூளை கிடையாது, பளபளப்பு கண்ணாடி தந்தது. கல் வாங்கினால் காரில் படுக்க வைக்காமல், இடையே அட்டை கொடுத்துச் செங்குத்தாக அடுக்குங்கள். படுக்க வைத்தால் குலுக்கலில் அடியில் இருக்கும் கல் விரிசல் விடும். வீட்டில் அதை ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது, நிறம் போய்விடும்.