ஸ்கெல்டெ ஆற்றங்கரையில் ஓடுவதற்கு: காற்றைப் பார், ஓதத்தைப் பார், ரயிலைப் பார்

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஆற்றோரம் ஓட வழி தேடிச் சிரமப்பட வேண்டியதில்லை. ஸ்கெல்டெ ஆற்றின் கரைமேட்டில் ஏறிவிட்டால் போதும், பாதை தானாக நீளும். அந்தக் காலத்தில் குதிரைகளும் ஆட்களும் கயிறு கட்டிப் படகு இழுத்த வழி அது. உள்ளூரில் அதற்கு 'யாக்பாட்' என்று பெயர். இன்று பெரும்பகுதி தார் அல்லது கான்கிரீட். அனுமதி பெற்ற வண்டிகள் தவிர மோட்டார் வாகனம் கிடையாது. மேடு பள்ளமும் இல்லை.

மேடு பள்ளம் இல்லாததாலேயே பலர் ஏமாறுகிறார்கள். ஏற்றம் இல்லாத ஊரில் காற்றுதான் ஏற்றம். எந்தத் திசையில் ஓடுகிறோம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதைச் சரியாக முடிவு செய்தால் இதே பாதை சொர்க்கம். தவறினால் கடைசி 5 கி.மீ. தண்டனை.

காற்று

இந்தப் பகுதியில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று வீசும். கென்ட் நகரிலிருந்து டெண்டர்மொண்டெ வரை ஆறு மொத்தத்தில் கிழக்கு நோக்கிப் போகிறது. ஆகவே மேற்கே தொடங்கிக் கிழக்கே முடித்து, ரயிலில் திரும்புவதே நல்ல திட்டம். பெரும்பாலான நாள்களில் காற்று முதுகில் இருக்கும். கிழக்குக் காற்று வீசும் நாள்களும் உண்டு, குளிர்கால உறைபனி நாள்களில் குறிப்பாக. அன்று ரயிலில் முதலில் கிழக்கே போய், அங்கிருந்து ஓடி வாருங்கள். முதல் நாள் இரவு வானிலை முன்னறிவிப்பில் காற்றின் திசையைப் பார்த்துவிட்டுத் தொடக்க ஸ்டேஷனை முடிவு செய்தால் போதும்.

போன வழியே திரும்புவதாக இருந்தால் கணக்கு தலைகீழ்: முதலில் எதிர்க்காற்று, பிறகு பின்காற்று. மாற்றிச் செய்தால், பின்காற்றில் வியர்த்து நனைந்த சட்டையோடு திரும்பி எதிர்க்காற்றில் மாட்டுவீர்கள். களைப்பைவிடக் குளிர்தான் அப்போது முதலில் தாக்கும். ஆறு வளைந்து வளைந்து போவதால் ஒவ்வொரு வளைவிலும் காற்று முகத்துக்கும் தோளுக்கும் முதுகுக்குமாக மாறும். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை விரட்டாமல், முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் கி.மீ.க்கு அரை நிமிடம் கூடுதலாக ஆனாலும் அது உழைப்புக் குறைவு ஆகாது.

வெட்டெரன் முதல் டெண்டர்மொண்டெ வரை

ஒரே ஒரு வழிதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்லவேண்டும். வெட்டெரன், ஸ்கெல்லெபெல்லெ, விகெலன், ஸ்கோனார்டெ, டெண்டர்மொண்டெ என எல்லா ஊரிலும் ரயில் ஸ்டேஷன் உண்டு. எல்லாமே ஆற்றின் தென்கரைப் பக்கம். தென்கரையிலேயே இருந்தால் கால் வலித்தாலும் மழை பிடித்தாலும் அடுத்த ஊரில் விலகி ரயில் ஏறிவிடலாம். வடகரை அழகுக்காகப் பாலம் தாண்டினால், திரும்பி வரும் பாலம் எது என்பதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் இரு முனைக்கும் சுமார் 15 கி.மீ.தான். ஆற்றோடு போனால் 20 கி.மீ.யைத் தாண்டிவிடும். ரயில் சில நிமிடங்களில் கடக்கும் இடத்தை ஆறு பெரிய வளையம் போட்டுக் கடக்கும். "அடுத்த ஸ்டேஷன்தானே" என்று நம்பிப் போனால், கோயில் கோபுரம் போல எதிரே தெரியும் சர்ச் கோபுரம் இடப்பக்கம் போகும், பின்னால் போகும், மறுபடி எதிரே வரும், ஆனால் கிட்டே வராது. வளைவுகளோடு சேர்த்து வரைபடத்தில் அளந்த பிறகே கிளம்புங்கள்.

வெட்டெரனில் ஸ்டேஷனிலிருந்து வடக்கே ஊருக்குள் நடந்தால் ஆறு வந்துவிடும். அந்த நடையையே உடலைச் சூடாக்கும் நேரமாக வைத்துக்கொள்ளலாம். ஊர் முடிந்ததும் எதிர்க்கரையில் கால்கென்ஸெ மேர்சன் என்னும் பரந்த ஈரப்புல்வெளி தொடங்கும். 'மேர்சன்' என்றால் வெள்ளம் ஏறி இறங்கும் ஆற்றோரப் புல்வெளி. குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கி வாத்துகள் இறங்கும். வைகாசி, ஆனியில் புல் உயர்ந்திருக்கும்.

முழுத் தூரம் வேண்டாதவர்களுக்கு: ஸ்கெல்லெபெல்லெயில் படகில் வடகரைக்குப் போய், புல்வெளியை ஒட்டி ஔட்பெர்கன் பாலம் வரை ஓடி, பாலம் தாண்டித் தென்கரை வழியே திரும்பலாம். நிதானமாக ஓடினால் ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை.

இந்த இடத்தில் பழைய ஜிபிஎஸ் தடங்களை நம்பவேண்டாம். 1976 ஜனவரியில் வந்த புயல் வெள்ளத்துக்குப் பிறகு 'சிக்மா திட்டம்' என்ற பெயரில் ஸ்கெல்டெ கரைகளை மாற்றியமைத்து வருகிறார்கள். சில இடங்களில் கரையை உயர்த்தினார்கள். சில இடங்களில் வேண்டுமென்றே பழைய கரையை உடைத்து, ஆற்றுக்கு இடம் விட்டு, உள்ளே தள்ளிப் புதுக் கரை போட்டார்கள். பழைய தடம் உங்களை உடைந்த கரையின் நுனியில், சேற்றுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். புதிய வரைபடத்தில் உட்பக்கமாகச் செல்லும் வட்டக்கரையைத் தேர்ந்தெடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் 'ஓம்லைடிங்' என்ற பலகை இருந்தால் அது மாற்றுவழி. குறுக்குவழி தேடாமல் அதையே பின்பற்றுங்கள்.

டெண்டர்மொண்டெயில் டெண்டர் ஆறு வந்து ஸ்கெல்டெயில் கலக்கிறது. பேயார்ட் என்ற மாயக் குதிரையைக் கழுத்தில் திரிகைக்கல் கட்டி மூழ்கடித்தது இந்தச் சங்கமத்தில்தான் என்பது ஊர்க்கதை. வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை அந்தக் குதிரைக்கு ஊர்வலம் எடுக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது ஊரெங்கும் அதன் உருவம் கண்ணில் படும்.

ஓதம்

கடல் தூரத்தில் இருந்தாலும் கென்ட் வரை ஸ்கெல்டெயில் கடல் ஓதத்தால் நீர் ஏறி வற்றும். கீழே உள்ள துறைமுக நகரான ஆண்ட்வெர்ப்பில் நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. மேலே போகப்போகக் குறையும். இதனால் ஓட்டக்காரர்களுக்கு மூன்று விளைவுகள்.

முதலாவது, வழி குழம்பும். ஏற்றத்தின்போது நீர் பின்னோக்கி, கென்ட் பக்கமாக ஓடும். தண்ணீர் போகும் திசையைப் பார்த்து "இதுதான் டெண்டர்மொண்டெ பக்கம்" என்று முடிவு செய்தால் நேரெதிரே ஓடுவீர்கள். மூடுபனியில் இது சுலபமாக நடக்கும். சைக்கிள் வழிகளின் சந்திப்பு எண் பலகைகளையே நம்புங்கள். இந்த எண் முறை 1995இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கிப் பரவியது. தொடவேண்டிய எண்களை வரிசையாகக் கையில் எழுதிக்கொண்டால் கைபேசியை எடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது, காட்சி மாறும். வற்றத்தில் சேற்றுத்திட்டுகள் வெளியே வரும். பறவை பார்க்க அதுதான் நேரம், குளிர்காலத்தில் கிளுவைகள் கூட்டமாக மேயும். ஏற்றத்தில் நீர் கரையோர வில்லோ மரங்களின் அடியைத் தொடும், படம் எடுக்க அது நன்றாக இருக்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கடலோர ஊரின் அட்டவணையைப் பார்க்காதீர்கள், ஏற்றம் இங்கே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். டெண்டர்மொண்டெ அல்லது வெட்டெரனுக்கான நேரத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாள்களில் ஏற்றம் அதிகம். அதோடு வடமேற்குப் புயலும் சேர்ந்தால் தாழ்வான கரைகளைத் தாண்டித் தண்ணீர் புல்வெளிக்குள் இறங்கும்படியே கட்டியிருக்கிறார்கள். அன்று பாதைகளை மூடுவார்கள். தடுப்பைத் தாண்டிப் போகவேண்டாம். வெள்ளம் வடிந்த பிறகும் ஓரிரு நாள் தாழ்வான இடங்களில் வண்டல் படிந்து வழுக்கும்.

படகில் தாண்டும் வட்டம்

இன்னும் கீழே, ஆறு அகலமாகும் இடத்தில், சிண்ட்-ஆமாண்ட்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. 1855இல் இங்கே பிறந்து 1916இல் ரூவான் ரயில் நிலையத்தில் உயிரிழந்த கவிஞர் எமில் வெர்ஹாரனின் கல்லறை ஆற்றங்கரையிலேயே உள்ளது. அங்கிருந்து படகில் மூர்ஸெக்கெ பக்கம் போய், வடகரையில் ட்ரீகோட்டன் வரை ஓடி, மறுபடி படகில் வேர்ட் ஊருக்கு வந்து, மாரீகெர்க்கெ வழியே திரும்பலாம். அரை மாரத்தானைவிடச் சிறிய வட்டம்.

படகுப் பயணம் இலவசம், ஆனால் படகுக்காரருக்குச் சாப்பாட்டு இடைவேளை உண்டு. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரம் வேறு. கடும் பனியிலும் புயலிலும் ஓடாது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டெண்டர்மொண்டெக்கும் டெம்ஸெக்கும் நடுவே ஸ்கெல்டெயின் குறுக்கே பாலமே இல்லை. கடைசிப் படகைத் தவறவிட்டால் எதிர்க்கரையில் உங்கள் கார் தெரியும், போகத்தான் முடியாது. இரண்டாவது படகின் கடைசி நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் கையிருப்பு வைத்துக் கிளம்புங்கள். முதல் படகில் ஏறும்போதே இரண்டாவது ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். படகுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் உடல் சில்லிட்டுவிடும், ஆகவே இடுப்பில் மெல்லிய காற்றுத்தடுப்பு மேல்சட்டை ஒன்று கட்டாயம்.

தரையும் காலும்

கான்கிரீட் விட்டுக்கொடுக்காது. சமதளத்தில் மணிக்கணக்கில் ஒரே மாதிரி அடி விழுவதால் கெண்டைக்காலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பும் வலிக்கும். மண்பாதைக்கான முள்ளடிக் காலணி இங்கே வேண்டாம், நல்ல மெத்தையுள்ள சாலைக் காலணிதான் சரி. பாதை ஓரத்தில் புல்விளிம்பு இருந்தால் இடையிடையே 200, 300 மீட்டர் அதில் ஓடுங்கள். 4 கி.மீ.க்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடப்பதும் உதவும். ஊர்களுக்குள் வரும் கருங்கல் பாவிய தெருக்கள் மழையில் எண்ணெய் தடவியது போல வழுக்கும், அங்கே நடந்துவிடுவதே மேல்.

சைக்கிள்காரர்கள்தான் இந்தப் பாதையின் அரசர்கள். ஞாயிறு காலையில் கூட்டம் கூட்டமாக மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வருவார்கள். இடது ஓரத்தில், எதிரே வருபவரைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். மணிச்சத்தம் கேட்டதும் பதறி மறுபக்கம் தாவுவதுதான் விபத்துக்குக் காரணம், இருந்த கோட்டிலேயே இருங்கள், அவர்கள் விலகிப் போவார்கள். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓடவேண்டாம். டிசம்பரில் காலை எட்டரை வாக்கில்தான் சூரியன் உதிக்கும், மாலை ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். பாதையில் விளக்கு இல்லை, ஆகவே தலைவிளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் தேவை.

குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் கரையில் கிடையாது. காஃபே இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள், காலையில் பல திறக்காது, வாரவிடுமுறையும் உண்டு. 10 கி.மீ.க்கு மேல் என்றால் அரை லிட்டர் தண்ணீர், கோடையில் அதன் இரு மடங்கு. கல்லறைத் தோட்டங்களில் இருக்கும் குழாய் பூச்செடிக்கானது, அதைக் குடிக்கவேண்டாம். அவசரத்துக்கு எண் 112. அருகிலுள்ள சந்திப்பு எண்ணைச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்.

கோடையில் கரையோரம் ஆளுயரத்துக்கு வளர்ந்து வெள்ளைக் குடைபோலப் பூக்கும் ராட்சதச் செடியைத் தொடாதீர்கள். அதன் சாறு தோலில் பட்டு வெயில் விழுந்தால் கொப்புளம் கிளம்பும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தை வெயில் படாமல் மூடுங்கள். புல்லில் இறங்கியவர்கள் வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, இடுப்புப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் நுனிக்கூர் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெயோ நெருப்போ வைக்காதீர்கள். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விரிந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லவேண்டும்.