ஸ்லைடில் தமிழ் உடைந்தால்

தருமபுரியில் எங்கள் துறைக் கணினியில் பாமினியில் தட்டிய பாடம், வகுப்பறை புரொஜெக்டரில் 'தமிழ்' என்பதை ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று காட்டியது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கிலம்தான் தெரியும். ஒவ்வொரு கணினியிலும் அதை நிறுவுவது வீண் வேலை. பென்னாகரத்து மாணவரின் போனுக்கு உதவாது. எல்லாக் கணினிகளுக்கும் போன்களுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினேன், சரியானது.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் பாடத்தைப் பத்தி பத்தியாக ஒட்டுங்கள். நடுவிலுள்ள ஆங்கிலச் சொற்களை முதலில் வெட்டித் தனியே வையுங்கள்; விட்டால் அவையும் தமிழெழுத்தாகிக் குழம்பும். பிறகு மாறி வந்ததை ஸ்லைடில் ஒட்டுங்கள்; விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ எழுத்துரு, அளவு 28. எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் பெட்டியை மீறும், ஸ்லைடு ஸ்லைடாகப் பாருங்கள். மாணவர்களுக்கு பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். போனில் வரி குலையாது.