நெட்வொர்க் டிரைவில் பிரசன்டேஷன் சேவ் ஆகவில்லையா? காரணத்தைத் தேடும் வழி

அரை மணி நேரமாக ஸ்லைடுகளைச் சரிசெய்துவிட்டு சேவ் கொடுக்கிறீர்கள். கீழே சேவ் ஆவதைக் காட்டும் கோடு பாதி தூரம் ஓடி நிற்கிறது. சேமிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது. ஓகே அழுத்தி மறுபடி சேவ் கொடுத்தால் மறுபடியும் அதே பெட்டி.

இந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, பவர்பாயிண்டை மூடித் திறந்து பார்ப்பது. மூடாதீர்கள். கடைசியாகச் செய்த மாற்றங்கள் திரையில் மட்டும்தான் இருக்கின்றன. தானாகச் சேமிக்கும் ஆட்டோசேவ் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். அது ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட் போன்ற மைக்ரோசாஃப்ட் இணையச் சேமிப்பிடங்களில்தான் வேலை செய்யும். சாதாரண நெட்வொர்க் டிரைவில், அதாவது அலுவலக சர்வரில் பலர் பகிர்ந்துகொள்ளும் டிரைவில், செய்யாது. ஆட்டோரெகவர் என்பது வேறு. வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு காப்பு நகல் எடுத்து வைக்கும், அவ்வளவுதான்.

படி 1: முதலில் டெஸ்க்டாப்பில் சேமியுங்கள்

எஃப் 12 விசையை அழுத்தினால் சேவ் ஆஸ் பெட்டி திறக்கும். டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்து, புதுப் பெயரில் சேமியுங்கள்.

வேலை பத்திரமானது ஒரு பக்கம். கூடவே பாதி விடையும் கிடைத்துவிட்டது. டெஸ்க்டாப்பில் சேவ் ஆனால் ஃபைலில் பெரும்பாலும் குறையில்லை. நெட்வொர்க் பக்கம் தேட வேண்டும். டெஸ்க்டாப்பிலும் ஆகவில்லை என்றால் ஃபைலுக்குள்தான் ஏதோ கோளாறு. நேராகப் படி 6-க்குப் போங்கள்.

பிழைச்செய்தி வந்ததும் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி அதைப் படம் எடுத்து வையுங்கள். "என்னமோ எர்ரர் வந்துச்சு" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது.

படி 2: டிரைவ் உயிரோடு இருக்கிறதா?

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த டிரைவைத் திறந்து, இன்று நீங்கள் தொடாத ஒரு ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே திறந்திருந்த ஃபோல்டரின் பட்டியல் இணைப்பு அறுந்த பிறகும் சில சமயம் திரையில் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. லேப்டாப் உறக்கத்திலிருந்து எழுந்த பிறகும், வைஃபை மாறிய பிறகும், விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் இணைப்பு) அறுந்த பிறகும் இது நடக்கும்.

அப்புறம் இடம். டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் மீதி எவ்வளவு என்று பாருங்கள். புது நகல் முழுசாக எழுதப்படும் வரை பழைய ஃபைலும் அங்கேயே இருக்கும். 200 எம்பி பிரசன்டேஷனைச் சேமிக்க இன்னொரு 200 எம்பியாவது காலியாக இருக்க வேண்டும்.

படி 3: நோட்பேட் சோதனை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். "அதே ஃபோல்டரில் நோட்பேட் ஃபைல் சேவ் ஆகிறதே, பவர்பாயிண்ட் மட்டும் ஏன் ஆகவில்லை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

நோட்பேட் இருக்கிற ஃபைலைத் திறந்து அதன் மேலேயே எழுதிவிடும். பவர்பாயிண்ட் அப்படி இல்லை. நீங்கள் சேவ் கொடுத்ததும் அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, எல்லாவற்றையும் முதலில் அதில் எழுதும். எழுதி முடித்த பிறகு பழைய ஃபைலை நீக்கிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். நடுவில் மின்சாரம் போனாலும் ஏதாவது ஒரு முழு நகல் மிஞ்சட்டும் என்ற ஏற்பாடு. ஆனால் இதற்கு உருவாக்கும் அனுமதி, எழுதும் அனுமதி, அழிக்கும் அனுமதி மூன்றும் வேண்டும்.

விண்டோஸ் அனுமதிகளில் ரைட் (Write, எழுதுவது) என்பதில் அழிக்கும் உரிமை அடங்காது. மாடிஃபை (Modify, மாற்றுவது) என்பதில்தான் அடங்கும். "யாரும் தவறுதலாக எதையும் அழித்துவிடக் கூடாது" என்று நல்லெண்ணத்தில் அழிக்கும் உரிமையை எடுத்துவிடும் நிர்வாகிகள் உண்டு. அப்படி ஒரு ஃபோல்டரை ஒருமுறை திறந்து பார்த்தேன். நல்ல ஃபைல் ஒன்று; அதைச் சுற்றி பிபிடி (ppt) என்று தொடங்கி டிஎம்பி (tmp) என்று முடியும் குப்பை ஃபைல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சேவ் கொடுத்துத் தோற்ற தடயம். அவற்றையும் அங்கிருந்து யாராலும் அழிக்க முடியவில்லை!

ஆகவே சோதனையை முழுசாகச் செய்யுங்கள். அதே ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்குங்கள். உள்ளே ஒரு வரி எழுதிச் சேமியுங்கள். பெயரை மாற்றுங்கள். கடைசியில் அழியுங்கள். பெயர் மாற்றும்போதோ அழிக்கும்போதோ மறுத்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்: அனுமதி. இதை நீங்களாகச் சரிசெய்ய முடியாது, நிர்வாகியிடம் மாடிஃபை கேட்க வேண்டும். பகிர்ந்த ஃபோல்டருக்கு இரண்டு இடத்தில் அனுமதி உண்டு: பகிர்வில் ஒன்று, ஃபோல்டரில் ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "கொடுத்துட்டேனே" என்பவர்களிடம் இதை மெதுவாக நினைவுபடுத்துங்கள்.

படி 4: ஃபைலை யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா?

எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஃபைலின் பெயருக்கு முன்னால் ~$ சேர்ந்த ஒரு குட்டி ஃபைல் தெரிந்தால், அதை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எல்லாரிடமும் கேட்டு, யாரும் திறக்கவில்லை என்று உறுதியான பிறகும் அது இருந்தால், யாருடைய கணினியோ பாதியில் நின்றபோது விட்டுப்போன மிச்சம். அப்போது மட்டும் அழியுங்கள். அழிய மறுத்தால், சர்வரில் திறந்திருக்கும் ஃபைல்களின் பட்டியலிலிருந்து நிர்வாகி மூடிவிட முடியும்.

யாருக்கும் சந்தேகம் வராத இன்னொரு ஆள், எக்ஸ்ப்ளோரரின் பிரிவியூ பேன். பக்கத்தில் முதல் ஸ்லைடைக் காட்டுவதற்காக அது ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்வதுண்டு. ஆல்ட், பி இரண்டையும் அழுத்தி அதை மூடிவிட்டு முயலுங்கள். ஆன்டிவைரஸும் சில நொடிகள் இப்படிப் பிடிக்கும். அது நிர்வாகி பார்க்க வேண்டிய வேலை.

படி 5: பெயரும் பாதையும்

விண்டோஸில் ஒரு ஃபைலின் முழுப் பாதைக்கு (டிரைவ், ஃபோல்டர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்ந்த முகவரிக்கு) வழக்கமான எல்லை 260 எழுத்துகள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஏழெட்டு அடுக்கு போய், கடைசியில் "இறுதி திருத்தியது புதியது 3" என்று பெயர் வைத்தால் எல்லையைத் தாண்டுவது கஷ்டமே இல்லை. Z: போன்ற டிரைவ் எழுத்து வழியாக வருபவருக்குச் சேவ் ஆகும். சர்வர் பெயரோடு நீளமான பாதையில் வருபவருக்கு ஆகாது. ஒரே ஃபைல்தான், பாதையின் நீளம்தான் வேறு. சோதிக்க, டிரைவின் மேல்மட்டத்தில் ஒரு சின்னப் பெயரில் சேமித்துப் பாருங்கள்.

பெயரில் \ / : * ? " < > | இவை வரக் கூடாது. தேதிக்குச் சாய்கோடு போடும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க.

படி 6: ஃபைலே பழுதாக இருந்தால்

கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி பவர்பாயிண்டைத் திறந்தால் சேஃப் மோடில் வரலாமா என்று கேட்கும். ஆட்-இன் எனப்படும் கூடுதல் நிரல்கள் இல்லாமல் திறக்கும் நிலை அது. அதில் சேவ் ஆகிவிட்டால் ஏதோ ஒரு ஆட்-இன் தான் காரணம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஆப்ஷன்ஸில் சேவ் பகுதியில் எழுத்துருக்களை ஃபைலோடு சேர்க்கச் சொல்லும் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சேர்க்க உரிமம் தராத எழுத்துருக்கள் உண்டு.

அதற்கும் மசியவில்லையா? புது பிரசன்டேஷன் ஒன்றைத் திறந்து, முதல் பாதி ஸ்லைடுகளை மட்டும் ஒட்டிச் சேமியுங்கள். சேவ் ஆகிவிட்டால் கோளாறு மற்ற பாதியில்; அதை இரண்டாக்குங்கள். ஆகாவிட்டால் இந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். 64 ஸ்லைடு இருந்தாலும் ஆறே முயற்சியில் அந்த ஒரு ஸ்லைடு சிக்கிவிடும். பெரும்பாலும் எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டிய படமோ வீடியோவோ அதில் உட்கார்ந்திருக்கும்.

நிர்வாகிக்கு எழுத வேண்டி வந்தால் நான்கு விஷயம் போதும்: பிழைச்செய்தியின் படம், ஃபைலின் முழுப் பாதை, சரியான நேரம், நோட்பேட் சோதனை எந்த இடத்தில் தோற்றது என்பது. "அனுமதி கொடுத்துவிட்டேன்" என்று பதில் வந்த பிறகும் பழைய பெட்டியே வந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். உங்களை ஏதாவது குழுவில் சேர்த்து அனுமதி கொடுத்திருப்பார். அது அடுத்த லாகினில்தான் செல்லுபடியாகும். சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்து சேவ் கொடுங்கள்.