பிளாட்டர் சரியாக வெட்டவில்லையா? பிரஷரைக் கூட்டாதீர்கள்

கிருஷ்ணகிரியில் லாரிகளுக்கும் மாங்காய் மண்டிகளுக்கும் பிளாட்டரில், அதாவது கணினியில் போட்ட எழுத்தைப் பிளேடால் வெட்டும் மெஷினில், ஸ்டிக்கர் வெட்டித் தருகிறேன். வினைல் (ஸ்டிக்கரின் பிளாஸ்டிக் தாள்) பாதி வெட்டுப்பட்டு உரிக்கும்போது கிழிந்தால், பலரும் உடனே பிளேடு அழுத்தும் பிரஷரைக் கூட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிளேடு பின்தாளையும் தாண்டி, அடியில் இருக்கும் பட்டையில் பள்ளம் போட்டுவிடும். பள்ளம் விழுந்த இடத்தில் அப்புறம் எந்த வெட்டும் ஒழுங்காக விழாது.

முதலில் பிளேடு மாட்டியிருக்கும் ஹோல்டரைக் கழற்றி பிளேடை வெளியே எடுங்கள். நுனியில் மயிரிழை போல ஒரு வினைல் துணுக்கு சுற்றியிருக்கும். பெரும்பாலும் அதுதான் காரணம். பிரஷால் தட்டிவிட்டு, பிளேடு உள்ளே தாராளமாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் ‘அ’, ‘இ’ சுழிகள் கோணலாகிவிடும். நுனி ஏடிஎம் கார்டின் பாதி கனத்துக்கு வெளியே நீட்டினால் போதும்.

சரி, இப்போது ஒரு சின்னச் சதுரம் வெட்டி உரித்துப் பாருங்கள். பின்தாளில் லேசான கீறல் மட்டும் தெரிய வேண்டும். மூலை மழுங்கினால் ஆஃப்செட்டை (பிளேடின் நடு அச்சிலிருந்து நுனி விலகியிருக்கும் தூரம்) சரிபாருங்கள்; 45 டிகிரி பிளேடுக்கு வழக்கமாக 0.25 மி.மீ.

நீளமான லாரி எழுத்து என்றால், தேவையான அளவு ரோலை முன்பே அவிழ்த்துத் தளர்வாக விடுங்கள்.