சவுக்கு என்றால் எந்தச் சவுக்கு?

இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவே நிற்கும் உயர்ந்த மரத்தை அப்பாயி சவுக்கு என்பார். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் போட்டோவைப் பார்த்து, "இது சவுக்கே இல்லையே" என்று சிரித்தார். போனில் தேடினேன். கடற்கரையில் ஊசி ஊசியாக நிற்கும் மரம்தான் வந்தது.

சரி, பெயரை விட்டு மரத்தைப் பார்ப்போம் என்று உதிர்ந்த இலையொன்றைப் புரட்டினேன். பெரணி போலப் பிரிந்த இலை, மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளி பூசியது மாதிரி. பூவோ பிரஷ் போல ஒரே பக்கமாக, ஆரஞ்சு மஞ்சளில். அப்புறம் பக்கத்து வீட்டுச் சிங்கள அண்ணனைக் கேட்டேன். "சபுக்கு" என்றார். அதைச் சிங்களத்தில் தட்டியதும் விடை வந்தது: கிரெவில்லியா ரொபஸ்டா, சில்வர் ஓக். கிழக்கு ஆஸ்திரேலிய மரம், இங்கே தேயிலைக்கு நிழலாக வந்தது.

சொந்தக்காரரின் சவுக்கு கசுவரினா. அதில் ஊசியாகத் தெரிவது இலையே அல்ல, மெல்லிய பச்சைக் குச்சி. நிஜ இலை கணுவில் சின்னப் பல்லாக ஒட்டியிருக்கும்.

அப்பாயியிடம் சொன்னேன். "எங்கேயிருந்து வந்தா என்ன, விறகு நல்லா எரியுதுல்ல" என்றார்.