மாணவர் கையிலுள்ள போனை வைத்தே வகுப்பில் வாக்கெடுப்பு நடத்துவது எப்படி?

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் முன்வரிசையில் நாலு தலை ஆடும். மற்றவர்களுக்கு என்ன புரிந்தது என்பது விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். ஒவ்வொருவரும் தன் போனில் ஒரு விடையைத் தொட்டால் அது அந்த நிமிடமே தெரிந்துவிடும். தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் கேள்வி, அப்புறம்தான் செயலி

பலரும் செயலியில் தொடங்கிக் கேள்வியில் கோட்டை விடுகிறார்கள். "இந்த விதியைச் சொன்னவர் யார்?" என்று கேட்டால், கையில் போன் இருக்கும்போது அது வெறும் தேடல் போட்டி. யோசிக்க வைக்கும் கேள்வி வேண்டும். இயற்பியலில் எனக்குப் பிடித்த ஒன்று:

நேராக மேலே எறிந்த பந்து, உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன?
அ) சுழி
ஆ) கீழ்நோக்கி 9.8 மீ/வி²
இ) மேல்நோக்கி 9.8 மீ/வி²
ஈ) எறிந்த வேகத்தைப் பொறுத்தது

விடை 'ஆ'. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுகிற மாணவர்கூட 'அ'வைத் தொடுவார். வேகம் சுழி என்றால் முடுக்கமும் சுழி என்றே மனம் போகிறது. தவறான விடைகளை நாமாகக் கற்பனை செய்ய வேண்டாம். பழைய விடைத்தாள்களைப் புரட்டுங்கள், மாணவர்களே எழுதி வைத்திருப்பார்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு கேள்வி தாராளம்.

2. கருவியைத் தேர்ந்தெடுங்கள்

மென்டிமீட்டர், ஸ்லைடோ, போல் எவ்ரிவேர் எல்லாமே இதற்கென்று உருவானவை. கேள்வியை ஏற்றினால் ஓர் எண்ணோ லிங்க்கோ கிடைக்கும், மாணவர்கள் உலாவியில் அதைத் தட்டினால் போதும். இலவசக் கணக்கில் எத்தனை பேர் கலந்துகொள்ளலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

முதல் முறை என்றால் கூகுள் ஃபார்ம்ஸ் போதும். புதிய படிவம் திறந்து, கேள்வி வகையை 'மல்டிபிள் சாய்ஸ்' என்று வையுங்கள். மின்னஞ்சல் சேகரிப்பதை அணைத்துவிடுங்கள். பெயர் தெரியாது என்றால்தான் மனதில் பட்டதைத் தொடுவார்கள். பிறகு அதே படிவத்தை நகலெடுத்து 'இரண்டாம் சுற்று' என்று பெயரிடுங்கள். எதற்கென்று நாலாவது படியில் வருகிறது. இரண்டு லிங்க்குகளுக்கும் கியூஆர் கோடு எடுத்து, ஸ்லைடில் பெரிதாக ஒட்டுங்கள்.

3. ஒத்திகை

வகுப்பறைக்கே போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். கோடு உங்கள் போனில் ஸ்கேன் ஆகிறதா, அங்கே சிக்னல் கிடைக்கிறதா? இவ்வளவுதான்.

4. வகுப்பில்: இரண்டு முறை வாக்கு

கேள்வியைக் காட்டி ஒரு நிமிடம் கொடுங்கள். யாரும் பேசக் கூடாது. முடிவு உங்களுக்கு மட்டும் தெரியட்டும், திரையில் காட்டாதீர்கள். ஆரம்பத்தில் நான் வரைபடத்தை உடனே காட்டிவிடுவேன். எந்தப் பட்டை உயரமோ அதுவே சரி என்று வகுப்பு முடிவு கட்டிவிடும், அதோடு யோசனையும் நின்றுபோகும்.

சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் அதுதான் பொன்னான நேரம். "உங்களிடமிருந்து வேறுபட்ட விடை சொன்னவரைத் தேடி, அவரை ஒத்துக்கொள்ள வையுங்கள்" என்று சொல்லி மூன்று நிமிடம் விடுங்கள். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த முறை இது. இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவருக்குத் தான் எங்கே தடுக்கினோம் என்பது நினைவிருக்கும். நமக்கு அது மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

அந்த மூன்று நிமிடமும் மேசைகளுக்கு நடுவே நடந்து காதைக் கொடுங்கள். பந்துக் கேள்வியின்போது வாயே திறக்காத ஒரு மாணவி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "முடுக்கமும் சுழின்னா பந்து அங்கேயே தொங்கணுமேடி, ஏன் கீழ வருது?" என் விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது. அவள் அனுமதியோடு அதையே பலகையில் எழுதினேன்.

பிறகு இரண்டாம் சுற்று. இப்போது இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்துக் காட்டி, விடையையும் காரணத்தையும் சொல்லுங்கள். முதல் சுற்றிலேயே 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் சுருக்கமாக விளக்கி நகரலாம். 30-க்குக் கீழே என்றால் விவாதம் பலன் தராது. பாடத்தைத் திரும்ப நடத்துங்கள்.

5. போன் இல்லாதவர்கள்

"யாரிடம் போன் இல்லை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வகுப்பு தொடங்கும்போதே எல்லா மேசையிலும் சின்னத் துண்டுத்தாள்கள் கிடக்கட்டும். "சார்ஜ் இல்லையென்றாலும் நெட் வரவில்லையென்றாலும் தாளில் எழுதி மடித்துக் கொடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் போதும். பலரிடம் போன் இல்லாத வகுப்பென்றால் பிளிக்கர்ஸ் பாருங்கள். அச்சிட்ட அட்டையை மாணவர்கள் திருப்பிப் பிடிக்க, ஆசிரியரின் போன் கேமரா விடைகளைப் படித்துக்கொள்ளும்.

வாக்குக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால், நன்றாகப் படிக்கிற மாணவர் எதைத் தொடுகிறார் என்றுதான் மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். வாக்கெடுப்பு முடிந்ததும் போன்களைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் உங்களுடையதைக் கவிழ்த்து வையுங்கள்.